உயிரோடு முனைவர் ஆவோம்

(பாலசமுத்திரத்தில் ஆய்வு மாணவர்கள், முதுகலை மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. எழுத்து வடிவத்துக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



வேலை முடித்துக் கையைக் காலைக் கழுவிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், பழனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம்.

பிஎச்.டி. படிக்கிற காலத்தில் உடம்பையும் மனசையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதே தலைப்பில் கல்வி நிறுவனங்கள் நடத்துகிற கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வருகிறவர்கள் மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். அதிகாலையில் எழச் சொல்வார்கள். நல்லதையே நினைக்கச் சொல்வார்கள். மூச்சுப் பயிற்சியோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. ஆனால் எட்டு மாதமாக உதவித்தொகை வராதவரிடம் போய் மூச்சை இழுத்து விடு என்றால், அவர் பெருமூச்சுதான் விடுவார்.

அதனால் நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்று பெயர்களைச் சொல்கிறேன்.

செந்தில்குமார். சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்துக்காரர். பன்றி வளர்ப்பைத் தொழிலாக ஆக்கிவைக்கப்பட்ட பன்னியாண்டி சமூகத்தில் பிறந்து, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு வரை போனவர். 2008 பிப்ரவரி 24 அன்று இறந்தார்.

ரோகித் வெமுலா. அதே பல்கலைக்கழகம். 2016 ஜனவரி 17.

முத்துக்கிருஷ்ணன். மறுபடியும் சேலம். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் எம்.பில். ஆய்வு செய்தவர். ரோகித்துக்கு நீதி கேட்ட போராட்டத்தில் நின்றவர். 2017 மார்ச் 13 அன்று இறந்தார். அந்த மரணத்தை விசாரிக்க வேண்டும் என்று அவருடைய குடும்பம் கேட்டது.

இந்த மூன்று பெயரும் இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும். எப்போது தெரிந்தது? அவர்கள் இறந்த பிறகு. செந்தில்குமாருக்கு நெறியாளர் கிடைக்காமல் இருந்த மாதங்களில் நமக்கு அவர் பெயர் தெரியாது. ரோகித்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வராமல் இருந்தபோது நமக்கு அவர் யாரென்றே தெரியாது. இறந்த மறுநாள் சுவரொட்டி அடித்தோம், கவிதை எழுதினோம், படத்தை முகப்பாக வைத்தோம். அதைத் தவறு என்று சொல்ல வரவில்லை. என் கேள்வி வேறு. இந்தப் பாலசமுத்திரத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இன்றைக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு இந்த மாதம் பணம் வந்ததா? நெறியாளர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா? ராத்திரி தூக்கம் வருகிறதா? இது நமக்குத் தெரியுமா?

இன்று நான் பேச வந்தது இது ஒன்றுதான். ஆய்வு மாணவரின் நலம் அவர் ஒருத்தர் தலையில் சுமத்துகிற காரியமாக இருக்கக் கூடாது. அது அமைப்பாக, கூட்டாகச் செய்ய வேண்டிய வேலை.

குறை எங்கே இருக்கிறது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆய்வுப் படிப்பு உலகம் முழுக்கவே ஆளை வாட்டுகிற படிப்புதான். 2017-இல் பெல்ஜியத்தில் 3,659 ஆய்வு மாணவர்களிடம் எடுத்த ஆய்வு வெளிவந்தது. இரண்டு பேரில் ஒருவர் மனவேதனையில் இருந்தார். மூன்றில் ஒருவருக்கு மனநோய் வரும் ஆபத்து இருந்தது. அடுத்த ஆண்டு 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் எடுத்த இன்னொரு ஆய்வு, பொதுமக்களைவிட ஆய்வு மாணவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் ஆறு மடங்கு அதிகம் என்றது.

பெல்ஜியத்தில் சேரியும் இல்லை, ஊரும் இல்லை. அங்கேயே இந்த நிலை. ஐந்தாறு ஆண்டு ஒரே கேள்வியோடு தனியாக உட்கார்ந்திருப்பதும், முடியுமா முடியாதா என்று தெரியாமல் இருப்பதும், ஒரே ஒரு மனிதரின் கையெழுத்துக்காகக் காத்திருப்பதும் யாரையும் நொறுக்கும். ஆகவே உங்களுக்கு மனசு சரியில்லை என்றால் "நமக்குத் திறமை பத்தவில்லை, இந்தப் படிப்பு நமக்கானது இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

நம் நாட்டில் இதன் மேல் சாதி வந்து உட்காருகிறது. அது மூன்று வழியாக வேலை செய்கிறது.

முதல் வழி, பணம். பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் இளநிலைக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய். ஆனால் அது மாதாமாதம் வருகிறதா என்று வாங்குகிறவரைக் கேளுங்கள். ரோகித் தன் கடைசிக் கடிதத்தில்கூடத் தனக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருக்கிறது, 1,75,000 ரூபாய் பாக்கி என்று கணக்கு எழுதி வைத்தார். வெளிநாட்டில் படிப்பதற்கான தேசியத் திட்டத்தில் 2025-இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

அப்பா சம்பாத்தியத்தில் படிக்கிறவருக்கு உதவித்தொகை தாமதமானால் அது எரிச்சல், அவ்வளவுதான். நம் பிள்ளைக்கு அது மெஸ் பாக்கி, ரூம் வாடகை, அம்மாவின் மருந்து, தங்கையின் கல்லூரிக் கட்டணம். உதவித்தொகையில் ஒரு பகுதி வீட்டுக்குப் போகிறது என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது வழி, ஒரே கையில் குவிந்திருக்கிற அதிகாரம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வாத்தியார் இருப்பார். ஆய்வில் நெறியாளர் ஒருவர்தான். வருகைப் பதிவு, உதவித்தொகைப் படிவம், ஆய்வுச் சுருக்கம், ஆய்வேடு எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து வேண்டும். நல்ல நெறியாளர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியவர்களும் உண்டு. ஆனால் நல்ல மனிதர் கிடைத்தால்தான் பிழைக்க முடியும் என்றால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம். உரிமை என்று அதைச் சொல்ல முடியாது. வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுப்பது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, வைவா அன்றைக்குச் சாப்பாடும் அன்பளிப்பும் கவரும் ஏற்பாடு செய்வது என்று நம் ஊர்ப் பக்கம் நடப்பதை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பண்ணைக்கு வேலை செய்யக் கூடாது என்று சொல்லித்தான் பிள்ளையைப் படிக்க அனுப்பினோம். அங்கேயும் ஒரு பண்ணை காத்திருக்கிறது.

செந்தில்குமார் இறந்த பிறகு அந்தப் பல்கலைக்கழகமே ஒரு குழு அமைத்தது. பேராசிரியர் வினோத் பவராலா தலைமையிலான குழு. துறையின் விதிகளில் தெளிவும் சீரும் இல்லாததை அது பதிவு செய்தது. வெளிப்படையாக யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்ட வேண்டியதில்லை. விதியைத் தெளிவில்லாமல் வைத்திருந்தாலே போதும். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளை யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளும். முதல் தலைமுறைப் பிள்ளை அலுவலக வாசலில் நிற்கும்.

மூன்றாவது வழி, தனிமை. துறையில் உட்கார்ந்தால் "கோட்டாவில் வந்தவர்" என்ற பார்வை. கருத்தரங்கில் இங்கிலீஷ் தடுக்கினால் ஒரு சிரிப்பு. சரி, ஊருக்கு வந்தால்? "இன்னுமா படிக்கிற? எப்ப முடியும்? எப்ப வேலை?" அங்கே பேச ஆள் இல்லை, இங்கே பேச வார்த்தை இல்லை. ஆய்வுக்கூடத்தில் நடப்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அம்மா பயந்துவிடுவார். அதனால் போனில் "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேன்" என்று முடித்துக்கொள்கிறோம். இப்படி எத்தனையோ பேர் தினமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு மரணத்துக்கு ஒரே ஒரு காரணம் இருக்காது. ஆனால் பணம் நின்று, கையெழுத்து நின்று, பேச்சும் நின்றுபோனால் எந்த மனிதருக்கும் மூச்சுத் திணறும். இந்த மூன்றையும்தான் நாம் சரிசெய்ய வேண்டும்.

அம்பேத்கரை முழுதாகப் படிப்போம்

இந்த இடத்தில் யாராவது எழுந்து, "பாபாசாகேப் இதைவிடக் கஷ்டப்பட்டுப் படிக்கவில்லையா? பதினெட்டு மணி நேரம் படித்தாரே?" என்று கேட்பார்கள். நம் மேடைகளில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சோர்ந்துபோன ஒரு பிள்ளை இதைக் கேட்டால் இன்னும் குற்ற உணர்ச்சியோடுதான் வீட்டுக்குப் போகும்.

அண்ணலின் படிப்பு வரலாற்றை முழுதாகப் பாருங்கள். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போனார். 1916-இல் லண்டன். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். தனியாகக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் போர்க்காலத் தாக்குதலில் கடலோடு போயின. பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தால் தங்க இடம் கொடுக்கவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திக் காசு சேர்த்தார். கோலாப்பூர் சாகு மகாராஜின் உதவியோடும், பார்சி நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடனோடும் 1920-இல் மறுபடி லண்டன் போனார். ரூபாய் குறித்த ஆய்வேட்டைக் கொடுத்தபோது அதை அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்து 1923-இல் பட்டம் பெற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. பட்டம் முறைப்படி அவர் கைக்கு வந்தது 1927-இல்.

கணக்குப் போடுங்கள். 1913-லிருந்து 1927 வரை 14 ஆண்டு. இடையில் நிறுத்தம் இருக்கிறது. கடன் இருக்கிறது. இழப்பு இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வேடு இருக்கிறது. கை கொடுத்த நண்பர் இருக்கிறார். இன்றைக்கு உங்கள் ஆய்வேடு சிவப்பு மையோடு திரும்பி வந்தால், அண்ணலுக்கும் வந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நீங்கள் ஒரு வருடம் நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வேண்டியிருந்தால், அண்ணலும் போனார். உதவி கேட்க வெட்கமாக இருந்தால், அண்ணலும் கேட்டார். அவருடைய உழைப்பைப் போற்றுகிற நாம், அவர் நிறுத்தி மூச்சு வாங்கிய இடங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

இனி காரியத்துக்கு வருகிறேன். நோட்டு வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில், விதியைக் கையில் வையுங்கள். பல்கலைக்கழக மானியக்குழு 2022 நவம்பரில் பிஎச்.டி.க்கான விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் ஊர் மாறினால் ஆய்வை இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் நீங்கள் ஆய்வு ஆலோசனைக் குழு முன் போய் உங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் அந்தக் குழு காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். "நீ லாயக்கில்லை" என்று ஒருவர் அறைக்குள் வாயால் சொன்னால் அது தீர்ப்பு ஆகாது. இந்தக் குழுக் கூட்டத்தை யாராவது நடத்தாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டால், நடத்தச் சொல்லிக் கேளுங்கள். கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக்குழு விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

அதோடு ஒரு நாட்குறிப்பு. என்றைக்கு என்ன கொடுத்தேன், என்ன சொன்னார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று தேதியோடு எழுதுங்கள். சந்திப்பு முடிந்ததும் "ஐயா, இன்று தாங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்" என்று பணிவாக ஒரு மின்னஞ்சல். நாளைக்குச் சண்டை வந்தால் அது சாட்சி. சண்டை வராவிட்டால் உங்கள் ஆய்வுக்கே அது உதவும். மனசுக்கும் நல்லது; ராத்திரி தலைக்குள் ஓடுகிற விஷயம் காகிதத்தில் இறங்கிவிடும்.

இரண்டாவது, பணம். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. நிபந்தனைகளைப் பார்த்து, தகுதி இருந்தால் விண்ணப்பியுங்கள். ஆனால் அரசுப் பணம் தாமதமாகத்தான் வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் மகளிர் குழு நடத்துகிறீர்கள். அவசரத்துக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் கைமாற்றுக் கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள். அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். பத்து ஆய்வு மாணவர்கள் சேர்ந்து, பணம் வருகிற மாதங்களில் ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் மாதம் 5,000. ஒரு வருடத்தில் 60,000. யாருக்கு உதவித்தொகை நின்றதோ அவருக்கு மெஸ் பாக்கி கட்ட வட்டியில்லாக் கைமாற்று. பணம் வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். வேலையில் இருக்கிற நம் ஆட்கள் கொஞ்சம் கூடப் போடலாம். கந்துவட்டிக்காரர் வாசலுக்கும், இஷ்டத்துக்கு வட்டி போடுகிற கடன் செயலிகளுக்கும் நம் பிள்ளைகள் போகாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, ஆட்கள். பக்கத்தில் ஆயக்குடியைப் பாருங்கள். கொய்யாவுக்கு எவ்வளவு பேரோ, அவ்வளவு பேர் அங்கே மரத்தடியில் நடக்கிற இலவசப் போட்டித் தேர்வு வகுப்புக்கும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்து கூட்டமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். போட்டித் தேர்வுக்கே கூடிப் படிக்கிற மண் இது. ஆனால் பிஎச்.டி. என்று வந்துவிட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், நான்கு பேர் கூடினால் போதும். துறை வேறு வேறாக இருக்கட்டும். இந்த வாரம் என்ன எழுதினேன், எங்கே சிக்கினேன், யார் என்ன சொன்னார் என்று ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசுங்கள். மீதி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். தமிழில் பேசுங்கள். உங்கள் ஆய்வைத் தமிழில், உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால், வைவாவில் எந்தக் கேள்விக்கும் நடுங்க மாட்டீர்கள்.

வாரா வாரம் வருகிறவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் தேடிப் போங்கள். இந்தக் கூட்டத்தின் உண்மையான வேலை அதுதான்.

நான்காவது, உடம்பு. ஆய்வு நீண்ட தூர நடை. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்க்கிறோம். அவர்களும் வழியில் உட்காருகிறார்கள், தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், ஒருத்தர் கால் ஒருத்தர் பிடித்துவிடுகிறார்கள். யாரும் அவர்களைச் சோம்பேறி என்று சொல்வதில்லை. மூன்று வேளை சாப்பாடு, ஏழு மணி நேரத் தூக்கம், வாரத்தில் ஒரு நாள் ஆய்வைத் தொடாத நாள். இது சொகுசு இல்லை. நம் தாத்தா பாட்டிக்கு ஓய்வு நாள் என்றே ஒன்று கொடுக்கப்படவில்லை. அதை நாம் எடுத்துக்கொள்வோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டுப்போனால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், காரணமில்லாமல் அழுகை வந்தால், மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறோம். மனசுக்கும் மாத்திரை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் சிகிச்சை இலவசம். 14416 என்ற எண்ணை இப்போதே உங்கள் போனில் போட்டுக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்று பெயர்; எந்த நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் பேசலாம். செத்துப்போகலாமா என்று ஒரு நினைப்பு வந்தால், அந்த ராத்திரியே யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நண்பர் அப்படிச் சொன்னால் அறிவுரை சொல்லாதீர்கள், தனியே விடாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள், விடிந்ததும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

ஐந்தாவது, குறிப்பாகத் தங்கைகளுக்கு. நெறியாளரோ வேறு யாரோ அத்துமீறினால் 2013 சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் கொடுப்பது உங்கள் உரிமை. தனியாகப் போகாதீர்கள், அமைப்பில் உள்ள ஒரு தோழரோடு போங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகள் ஆய்வேடு எழுதுகிற வருடத்தில் மாப்பிள்ளை பார்க்காதீர்கள். மகன் எழுதினால் காபி போட்டு அறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மகள் எழுதினால் எழுந்து வந்து காபி போடச் சொல்கிறோம். சாதியை எதிர்க்கிற வீட்டில் இது நடக்கக் கூடாது.

ஆறாவது, விட்டுவிடுவதும் ஒரு வழி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "முதல் தலைமுறை, சமூகமே உன்னை நம்பியிருக்கு" என்று சொல்லிச் சொல்லித்தான் பிள்ளையின் முதுகில் ஊரையே ஏற்றிவிடுகிறோம். நெறியாளரை மாற்றலாம். துறையை மாற்றலாம். ஒரு வருடம் நிறுத்தலாம். ஒரேயடியாக விட்டுவிட்டு வேறு வேலைக்கும் போகலாம். பட்டம் வாங்காத பிள்ளை சமூகத்துக்குத் துரோகம் செய்துவிடவில்லை. பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வந்தால் வாசலில் "வா, சாப்பிடு" என்ற சொல் மட்டும்தான் முதலில் இருக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே

கடைசியாக இயக்கத் தோழர்களுக்கு.

கேரளத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் தீபா பி. மோகனன் என்ற தலித் ஆய்வாளர், நானோ அறிவியல் துறை. ஆய்வுக்கூட வசதி மறுக்கப்பட்டது, சாதியால் ஒதுக்கப்பட்டேன் என்று பல ஆண்டு புகார் கொடுத்தார். நீதிமன்றம் போனார், ஆணையத்துக்குப் போனார். எதுவும் நடக்கவில்லை என்ற நிலையில் 2021 அக்டோபர் 29 அன்று பல்கலைக்கழக வாசலில் பட்டினிப் போராட்டத்தில் உட்கார்ந்தார். பீம் ஆர்மி தோழர்கள் கூட உட்கார்ந்தார்கள். 11-ஆம் நாள் பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. அந்த மையத்தின் இயக்குநரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஆய்வைத் தொடர வசதி செய்து தருவதாக எழுதிக் கொடுத்தது.

பட்டினி கிடங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கவனிக்கச் சொல்வது இதை: தீபாவின் பெயர் அவர் உயிரோடு இருக்கும்போதே நமக்குத் தெரிந்தது. அவர் தன் கோரிக்கையைத் தன் வாயாலேயே சொன்னார். வெற்றியைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

இழந்தவர்களின் அம்மாக்களும் நமக்கு இதைத்தான் சொல்கிறார்கள். ரோகித்தின் அம்மா ராதிகா வெமுலாவும், 2019-இல் மும்பையில் இறந்த மருத்துவ மாணவி பாயல் தட்வியின் அம்மா அபேதா தட்வியும் அந்த ஆண்டே உச்சநீதிமன்றம் போனார்கள். தங்கள் பிள்ளைகள் திரும்ப மாட்டார்கள் என்று தெரிந்தே, மற்றவர் பிள்ளைகளுக்காகப் போனார்கள். சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது 2012-லிருந்தே மானியக்குழுவின் விதி. அதைச் செயல்படுத்துங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் புதிய விதிமுறைகள் வந்தன. எதிர்ப்புக் கிளம்பியது. ஜனவரி 29 அன்று உச்சநீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது. நமக்கான பாதுகாப்பு எழுதப்பட்ட வேகத்தைவிட நிறுத்தப்பட்ட வேகம் அதிகம். ஆகவே சட்டத்துக்காகப் போராடிக்கொண்டே, சட்டத்துக்காகக் காத்திருக்காமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. 2012 விதி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் அந்த அலுவலர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பெயரும் அறை எண்ணும் வாங்குங்கள்.

நம் ஊரில் யாராவது முனைவர் பட்டம் வாங்கினால் ஃபிளெக்ஸ் வைக்கிறோம், சால்வை போடுகிறோம். நல்லது, போடுங்கள். அந்தச் சால்வைக் காசில் பாதியை இரண்டாம் ஆண்டில், பணம் வராத மாதத்தில் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் குளிர் தெரியாமல் இருந்திருக்கும்.

இன்று கூட்டம் கலைவதற்கு முன் ஒரு வேலை செய்வோம். இந்த நோட்டைச் சுற்றுக்கு விடுகிறேன். இங்கே இருக்கிற ஆய்வு மாணவர்கள் உங்கள் பெயர், துறை, எந்த ஆண்டு, போன் எண் எழுதுங்கள். தெரிந்த பிள்ளைகள் வெளியூரில் ஆய்வு செய்துகொண்டிருந்தால், அவர்களைக் கேட்டுக்கொண்டு பெயரைச் சேருங்கள். நோட்டு பொதுவில் போகாது. பொறுப்பெடுக்கிற இரண்டு தோழர்களிடம் இருக்கும். அடுத்த சனிக்கிழமை மாலை இதே இடத்தில் முதல் அமர்வு. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். டீ என் செலவு.

செந்தில்குமார், ரோகித், முத்துக்கிருஷ்ணன் படங்கள் நம் சுவரில் இருக்கட்டும். அந்த வரிசையில் இன்னொரு படம் சேரக் கூடாது. நமக்கு இனி வேண்டியது உயிரோடு இருக்கிற, வயிறாரச் சாப்பிடுகிற, ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிற, வயசாகி நரைத்து நம் பிள்ளைகளுக்கு நெறியாளராக உட்காருகிற முனைவர்கள்.

நோட்டு முதல் வரிசையிலிருந்து வருகிறது. பேனா இருக்கிறதா பாருங்கள்.

ஜெய்பீம்.